பன்றி முடியா, நைலானா?

12.8.1971, வியாழன்

தம்பி ஒரு பக்கமாகவே மெல்லுவதைக் காலையில் கவனித்தேன். வாயைத் திறக்கச் சொன்னால் கடைவாய்ப் பல்லில் கறுப்பாக ஒரு குழி. பள்ளிக்கூடத்தில் நடந்த பல் முகாமுக்குக் கூட்டிப்போனேன். நாளை வந்தால் அடைத்துவிடலாம், விட்டால் பிடுங்க வேண்டும், மறுபடி முளைக்காது என்றார் டாக்டரம்மா. ராத்திரியும் பல் விளக்கச் சொல்லி ஒரு பிரஷ் கொடுத்தார்.

அம்மா அதை முற்றத்தில் எறிந்தாள். "பன்னி முடிய எம்புள்ள வாயில வைக்கச் சொல்றாகளா? நாளைக்கு அங்குட்டுப் போகக் கூடாது."

"நைலான்னு சொன்னாகம்மா."

"நீ பெருசா கண்டியாக்கும்."

முற்றத்தில் கிடந்ததை எடுத்து வந்தேன். பிரஷிலிருந்து ஓர் இழையைப் பிடுங்கி விளக்கில் காட்டினேன். முடி பொசுங்கும் நாற்றம் இல்லை, உருகிச் சுருண்டது. அம்மா முகர்ந்து பார்த்தாள். போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நாளை முகாமுக்குப் போட்டுப்போக, தம்பியின் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டேன்.