R1 என்று எழுதிய பேப்பர்

ஜூலை 21, திங்கள்

காட்டூரில் ஏழே காலுக்கு பஸ் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாறி, ஸ்ரீரங்கம் வந்து சேர எட்டரை. எட்டாம் வகுப்பு ஆ பிரிவுக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லாரும் சட்டென்று எழுந்து கைகட்டி நின்றார்கள். மரியாதை என்று நினைத்துக் கொஞ்சம் பூரித்தும் போனேன். என் நரைத்த தலையைப் பார்த்து இன்ஸ்பெக்ஷனுக்கு அதிகாரி வந்திருக்கிறார் என்று நினைத்தார்களாம். பயிற்சி ஆசிரியர் என்று சொன்னதும் உட்கார்ந்துவிட்டார்கள்.

அவர்கள் நினைத்ததிலும் தப்பில்லை. இருபத்தொரு வருஷம் நான் இன்ஸ்பெக்டர்தான். துவாக்குடிப் பக்கம் பாய்லர் குழாய் செய்யும் கம்பெனியில், வெல்டிங் பற்றவைத்த இடத்தை எக்ஸ்ரே எடுத்து, அந்த ஃபிலிமை விளக்கில் வைத்துப் பார்த்து, உள்ளே ஓட்டை இருக்கிறதா விரிசல் இருக்கிறதா என்று சொல்லுகிற வேலை. கம்பெனியை மூடிவிட்டார்கள். பி.எஸ்சி. கணிதம் என்று எப்போதோ வாங்கிய பட்டம் ஒன்று பீரோவில் கிடந்தது. மனைவி பிரான்சிதான் அதை எடுத்து மேஜைமேல் வைத்தாள். இப்போது பி.எட். இரண்டாம் வருஷம்.

என்னைப் பார்த்துக்கொள்ளும் வழிகாட்டி ஆசிரியர் இளவேனில் டீச்சர். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். பதினாறு வாரம் அவர் கண் முன்னால்தான் கணக்கு நடத்த வேண்டும். அவர் என் ரெக்கார்டில் என்ன எழுதுகிறாரோ அதைப் பார்த்துத்தான் வெளித்தேர்வாளர் மார்க் போடுவார். அது போனால் பி.எட். போச்சு. பி.எட். இல்லாமல் டெட் என்கிற தகுதித் தேர்வை எழுதி என்ன பிரயோஜனம்? இன்னொரு தொழில் தேட எனக்கு வயசும் இல்லை, தெம்பும் இல்லை.

ஜூலை 24, வியாழன்

ஒரு பீரியடில் பதினான்கு தடவை "ஓகேவா?" என்று கேட்டேனாம். டீச்சர் எண்ணி வைத்திருக்கிறார். ஒரு பிள்ளைகூட "இல்லை" என்று சொல்லவில்லை, அதையும் எண்ணி வைத்திருக்கிறார்.

ஜூலை 30, புதன்

விகிதமுறு எண்கள். மூன்றாவது பெஞ்சில் அல்ஷிஃபா என்றொரு பெண். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசாது, ஆனால் நான் பலகையில் எழுதுவதைப் புள்ளி விடாமல் எழுதிக்கொள்ளும். அதன் நோட்டில் 1/2 + 1/4 = 2/6 என்று இருந்தது. மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி வைத்திருக்கிறது. "இது தப்பு, இப்படிப் போடணும்" என்று பக்கத்திலேயே போட்டுக் காட்டிவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போனேன்.

மணி அடித்தபின் டீச்சர் சொன்னார்: "தப்பு எங்கன்னு டக்குனு புடிச்சிடுறீங்க சார். ஏன் அப்படிப் போட்டேன்னு மட்டும் கேக்கவே மாட்டேங்குறீங்க."

எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஃபிலிமைப் பார்த்து ஏன் என்று யாராவது கேட்பார்களா? இடத்தைக் குறித்துக் கொடுப்போம். வெல்டர் பார்த்துக்கொள்வார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

பத்துக் கணக்கில் ஒரு டெஸ்ட். மதியம் வைத்தேன். டீச்சர் ஏதோ மீட்டிங் என்று போயிருந்ததால் நானே திருத்தி, கடைசி பீரியடில் கொடுத்தும் விட்டேன். வேகமாக வேலை முடித்ததில் எனக்கு ஒரு திருப்தி.

ஏழு பேர் மிகவும் மோசம். அவர்களுக்கு மூன்று, நாலு என்று மார்க் போட மனசு வரவில்லை. கம்பெனி வழக்கப்படி செய்தேன். ஒரு வெல்டு சரியில்லை என்றால் அதைச் சரிசெய்து மறுபடி எக்ஸ்ரே எடுப்போம்; அந்த ஃபிலிமில் R1 என்று குறி வைப்போம். முதல் ரிப்பேர் என்று அர்த்தம். அந்த மாதிரி ஏழு பேப்பரின் தலைப்பிலும் சிவப்பு மையில் பெரிதாக R1 என்று எழுதி வட்டம் போட்டேன். தப்பான இடத்திலெல்லாம் சின்ன அம்புக்குறி. மறுபடி போட்டு வரட்டும், அப்புறம் மார்க் கொடுக்கலாம்.

இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் பெல் அடித்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளை யாரால் பிடிக்க முடியும்? திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அம்மா மண்டபம் படித்துறைப் பக்கம் தலை நுழைக்க முடியாத கூட்டமாம். நாங்கள் சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டு வந்து வீட்டிலேயே கிடந்தோம். நாளைக்கு லெசன் பிளான் எழுத வேண்டும்.

ஆகஸ்ட் 4, திங்கள்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

காலையில் பள்ளிக்கூட வாசலில் ஒருவர் எனக்காகக் காத்திருந்தார். கையெல்லாம் கிரீஸ் கறை, சட்டை மட்டும் புதுசு. கையில் ஒரு மைசூர்பாகுப் பெட்டி. அல்ஷிஃபாவின் அத்தா, அப்துல் ரஹீம். திருவானைக்காவலில் டூவீலர் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறார்.

"சார், எங்க வீட்டுல இதுவரைக்கும் ஒருத்தரும் ரேங்க் வாங்குனதில்ல சார். கணக்குல ஃபர்ஸ்ட் ரேங்க்னு எம்புள்ள பேப்பரைக் கொண்டாந்து காட்டுது. எல்லாத்துக்கும் டிக் போட்டிருக்கீங்க. தெரு பூரா சொல்லிட்டேன் சார். நீங்க எடுத்துக்கிட்டே ஆவணும்."

R1. ரேங்க் ஒன்று. என் அம்புக்குறியெல்லாம் டிக்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாசலில் நாங்கள் இரண்டு பேர்தான். பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. ஐயா, தப்பு என்னுடையது, அது ரேங்க் இல்லை என்று ஒரு வாக்கியம். சொன்னேனா? இல்லை. பெட்டியை வாங்கி, ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டு, "ரொம்ப சந்தோஷங்க" என்றேன். அந்த மனுஷன் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

இரண்டாவது பீரியட். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே ஒரு பையன், "சார், எனக்கும் R1, இவனுக்கும் R1, ஏழு பேரு ஃபர்ஸ்ட் ரேங்க்கா சார்?" என்றான். முதல் ரிப்பேர் என்று அர்த்தம் என்று சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது? வகுப்பே கொல்லென்று சிரித்தது. "ரிப்பேர்! ரிப்பேர்!" அல்ஷிஃபா மட்டும் பேப்பரைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டது. அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

என்ன காரியம்டா பண்ணிட்டே ஸ்தனிஸ்லாஸ். வாயில அந்த மைசூர்பாகோட இனிப்பு இன்னும் போவல.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அல்ஷிஃபா வரவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

மூன்றாவது நாளாக வரவில்லை. "அந்தப் பொண்ணு லீவே போடாதே, என்ன ஆச்சு, உங்களுக்கு ஏதாவது தெரியுமா சார்?" என்று டீச்சர் கேட்டார். தெரியாது என்றேன். பொய் சொல்வது இவ்வளவு சுலபமா?

பிரான்சியிடம் சொன்னேன். புத்தூர் ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷமாக நர்ஸ் அவள். "நாங்க கேஸ் ஷீட்டுல ஆயிரம் சுருக்கெழுத்து எழுதுவோம். அதைப் பேஷண்ட் கையில குடுத்து வீட்டுக்கு அனுப்புவோமா?" என்றாள். பிறகு, "அந்த ஸ்வீட் பாக்ஸை ஏங்க வீட்டுக்குக் கொண்டாந்தீங்க?" என்றாள்.

டீச்சரிடம் சொன்னால் ரெக்கார்டில் ஏறும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இன்று முழுக்க இதைத்தான் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சொல்லிவிட்டேன். டெஸ்ட், R1, அத்தா வந்தது, மைசூர்பாகு, நேற்றுச் சொன்ன பொய் எல்லாம்.

"பரீட்சைப் பேப்பர்ல ரேங்க்கை R போட்டுத்தான் நான் எழுதுவேன் சார். R4, R9ன்னு. அந்தப் பொண்ணு வேற என்னன்னு நினைக்கும்?" என்றார் டீச்சர். எனக்கு அது தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

"ரெக்கார்டுல இதை எழுதுவேன்."

"எழுதுங்க டீச்சர்."

"அவங்க வீட்டுக்குப் போங்க. நான் கூட வரமாட்டேன். நான் வந்தா நீங்க என் பின்னாடி நின்னுக்குவீங்க."

ஆகஸ்ட் 9, சனி

திருவானைக்காவலில் இறங்கி விசாரித்துப் போனேன். அப்துல் ரஹீம் ஒரு வண்டியின் செயினைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. நான் நின்றபடியே சொன்னேன். அது ரேங்க் இல்லைங்க, அன்னிக்கு வாசலிலேயே உங்களிடம் சொல்லியிருக்கணும், பயந்துட்டேன் என்று.

"எம் பொண்ணு பேப்பர்ல ரிப்பேர்னு எழுதுனீங்களா சார்?" கையில் ஸ்பேனரோடு கேட்டார். "ஃபெயிலுன்னு எழுதிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்குமே. நான் போயி தெருவுல எல்லார்கிட்டயும்... நீங்க தின்னீங்களே சார் அந்த ஸ்வீட்டை."

ஆமாங்க, தின்னேன் என்றேன்.

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "பின்னாடிதான் வீடு. அதுகிட்டயே சொல்லுங்க" என்று மறுபடி செயினைப் பிடித்துக்கொண்டார். மன்னித்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அல்ஷிஃபா கதவருகில் நின்றது. மன்னிப்புக் கேட்டேன். தலையைக் குனிந்தே இருந்தது. கிளம்பலாம் என்று திரும்பியவன், ஏதோ தோன்றி, "ஏம்மா, கீழே இருக்கிற நம்பரை ஏன் கூட்டினே?" என்று கேட்டேன். இத்தனை நாளில் நான் கேட்ட முதல் ஏன்.

"மேலே இருக்கறதும் நம்பர்தான், கீழே இருக்கறதும் நம்பர்தான் சார். மேலே மட்டும் கூட்டச் சொல்றீங்க. கீழே மட்டும் ஏன் கூட்டக் கூடாது?"

விதி தெரியும். எட்டு வழியில் போட்டுக் காட்டத் தெரியும். ஏன் கூடாது என்பதை ஒரு பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியவில்லை.

"எனக்கு இப்பச் சொல்லத் தெரியலம்மா. திங்கக்கிழமை கிளாஸ்ல சொல்றேன்" என்றேன். அப்போதுதான் முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நாலைந்து தாள் கிழித்துப் போட்டேன். படம் போட்டேன், வட்டம் வெட்டினேன், எனக்கே பிடிக்கவில்லை. பிரான்சி எட்டிப் பார்த்தாள். "பேஷண்ட்டுக்கு அரை மாத்திரை குடுத்துட்டு, பத்தாதுன்னு இன்னொரு கால் மாத்திரை குடுக்குறேன். அந்தப் பொண்ணு கணக்குப்படி எவ்வளவு உள்ள போவுது?"

ஆறில் இரண்டு. அதாவது மூன்றில் ஒன்று. அரையைவிடக் குறைவு!

"மேல மேல குடுத்தா எப்படிங்க குறையும்?" என்று கேட்டுவிட்டு டியூட்டிக்குக் கிளம்பிவிட்டாள். நான் உட்கார்ந்து சிரித்தேன். இந்த வாரத்தில் சிரித்தது இன்றுதான்.

ஆகஸ்ட் 11, திங்கள்

அல்ஷிஃபா வந்திருந்தது. கடைசி பெஞ்சில்.

முதலில் வகுப்பு முழுவதற்கும் சொன்னேன். R1 என்பது கம்பெனிக் குறி, உங்களுக்குத் தெரியாத குறியை உங்கள் பேப்பரில் எழுதியது என் தப்பு. குழாயில் ரிப்பேர் வந்தால் குழாயைத் திட்ட மாட்டோம், மறுபடி பற்றவைப்போம், அவ்வளவுதான். யாரும் சிரிக்கவில்லை. பிறகு, "அல்ஷிஃபா என்னை ஒரு கேள்வி கேட்டுச்சு, எனக்குப் பதில் தெரியல" என்று ஆரம்பித்து அரை மாத்திரை, கால் மாத்திரை சொன்னேன். பாதியிலேயே கடைசி பெஞ்சிலிருந்து, "குறைஞ்சிடுது சார்" என்று ஒரு குரல்.

ஏழு பேரும் மறுபடி போட்டுக் கொடுத்தார்கள். அல்ஷிஃபாவுக்கு ஆறு சரி. ஆறு என்று மார்க்கே போட்டேன்.

டீச்சர் ரெக்கார்டில் எழுதியது: "மாணவர் அறியாத குறியீட்டைப் பயன்படுத்தி ஒரு மாணவியின் மனம் புண்படக் காரணமானார். தாமதமாக, ஆனால் தாமாகவே ஒப்புக்கொண்டார்." ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

அக்டோபர் 8, புதன்

காலாண்டு கணக்கில் அல்ஷிஃபா நூற்றுக்கு நாற்பத்தொன்று. அத்தாவின் கையெழுத்து கிரீஸ் கறையோடு இருந்தது. வேறு ஒன்றும் எழுதவில்லை.

நவம்பர் 6, வியாழன்

வெளித்தேர்வாளர் வந்தார். கடைசி பெஞ்சில் அல்ஷிஃபா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். முதலில் ரெக்கார்டைப் புரட்டினார். ஆகஸ்ட் 11 பக்கத்தில் நின்று, இரண்டு தடவை படித்தார். அதை நான் பார்த்திருக்கக் கூடாது.

பலகையில் 3x − 7 = 2x + 5. 3x − 2x = 5 − 7 என்று எழுதி, x = −2 என்று முடித்து, அடிக்கோடும் போட்டுவிட்டேன். வகுப்பில் சத்தமே இல்லை. ஏதோ சரியில்லை என்று முதுகுக்குத் தெரிகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. இருபத்தொரு வருஷம் மயிரிழை விரிசலைப் பிடித்த கண்!

"சார்."

அல்ஷிஃபா எழுந்து நின்றது. பக்கத்தில் அதிகாரி.

"சார்... ஆர் ஒன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பலகையைப் பார்த்தேன். மைனஸ் ஏழு அந்தப் பக்கம் போனால் பிளஸ் ஏழு. அழித்துவிட்டு, "ஏன் தப்புன்னு நீயே சொல்லும்மா" என்றேன். சொன்னது. கோர்வையாக இல்லை, ஆனால் ஏன் என்று சொன்னது. x = 12.

தேர்வாளர் அல்ஷிஃபாவைப் பார்த்து, "ஆர் ஒன்னுன்னா என்னம்மா?" என்று கேட்டார்.

"மறுபடி போட்டுப் பாக்கணும்னு அர்த்தம் சார்."

அவர் எதையோ எழுதிக்கொண்டார். ரெக்கார்டை மூடி வைத்துவிட்டுப் போனார். நான் ஸ்டாஃப் ரூமுக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். இளவேனில் டீச்சர் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

ஜனவரி 29, வியாழன்

டெட் தேறிவிட்டேன். பிரான்சி என் நம்பரை இரண்டு தடவை சரிபார்த்தாள். இந்த வீட்டில் இப்போது இன்ஸ்பெக்டர் அவள்தான்.

ஜூன் 8, திங்கள்

மண்ணச்சநல்லூர். புதுப் பள்ளிக்கூடம், ஏழாம் வகுப்பு, முதல் பீரியட். பி.எட்.டும் தேறியாயிற்று, இனி நான் பயிற்சி ஆசிரியர் இல்லை. பலகையில் என் பெயரை எழுதுவதற்கு முன்னால் பெரிதாக R1 என்று எழுதி வட்டம் போட்டேன். "இதுக்கு என்ன அர்த்தம், யாருக்காவது தெரியுமா?"

"ஃபர்ஸ்ட் ரேங்க் சார்!" என்று முன் பெஞ்சில் ஒரு பெண் கத்தியது.

"ஏன் அப்படி நினைச்சே?" என்று கேட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பெல் அடிக்க இன்னும் நிறைய நேரம் இருந்தது.