ரம்பப் பட்டையில் வெட்டிய பெயர்

புதன், 22 அக்டோபர் 1986. திண்டிவனம்.

வேப்பம் பலகை இன்றும் கோணலாக வந்தது. இன்னொரு தடவை இப்படியானால் விக்கிரவாண்டியில் வாங்கிக்கொள்வதாக ஆசாரி சொல்லிவிட்டுப் போனார். மோட்டார் ரம்பம் பிடிக்கும் ஏழுமலை, சங்கிலியைக் கழற்றி, அது ஓடும் நீள இரும்புப் பட்டையை என்னிடம் நீட்டினான். கீழ் விளிம்பைத் தடவினேன். பிசிறு விரலைக் கீறியது. மேல் விளிம்போ புதிதுபோல் இருந்தது.

“கீழ்ப்பக்கமே தேஞ்சிக்கினு போவுது மொதலாளி. அப்பப்ப தலைகீழா மாத்திப் போட்டா ரெண்டு பக்கமும் சமமா தேயும்.”

மாற்றக் கூடாதென்று சொன்னவனே நான்தான். வாங்கிய அன்றே விழுப்புரம் பாத்திரக்கடையில் கொடுத்து அதில் ‘முருகா’ என்று பெயர் வெட்டி வாங்கினேன். சாமி பெயர் தலைகீழாக நிற்கலாமா?

“நிக்கிற மரத்த அறுக்கும்போது மெஷின படுக்க வச்சித்தானே புடிக்கிறேன்? சாமி பேரு அப்ப எப்பிடிங்க இருக்கும்?”

எனக்கு இது தோன்றவே இல்லை. ஒரு வருடமாக முருகனைப் படுக்கவைத்தே மரம் சாய்த்திருக்கிறோம்.

பிசிறை அரத்தால் ராவி, திருப்பிப் போடச் சொன்னேன். அடுத்த பலகை நூல் பிடித்ததுபோல் வந்தது.

ஏழுமலை இதை எத்தனை நாளாக மனதில் வைத்திருந்தான்? கேட்டால் சொல்லிவிடுவான். அதனால்தான் கேட்கவில்லை.