முதுகில் கேட்ட சத்தம்

அண்ணா,

இன்று பள்ளியில் பாடம் நடத்திவிட்டு வரும் வழியில், சாந்தோம் மணலில் யாரோ படகுக்குப் புன்னை எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் என் கால்கள் நின்றுவிட்டன. அம்மா அதை உன் முதுகில் தேய்த்த நாட்கள் நினைவுக்கு வந்தன. நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது.

அலை கட்டுமரத்தைத் தூக்கி உன் இடுப்பில் போட்டபோது நான் கரையில்தான் நின்றிருந்தேன். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. நான் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள் என்பதால் என்னிடம்தான் சொன்னார். இடுப்புக்குக் கீழே பழைய பலம் வராது, எலும்பு இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் இருக்கிற உணர்ச்சியும் போய்விடும் என்றார். அதை உன்னிடம் சொன்னதும் நான்தான்.

"அப்போ ஆடாம அசையாம கெடக்கணுமா?" என்று மட்டும் கேட்டாய்.

பக்கத்துக் கட்டிலில் மயிலாப்பூர் வக்கீல் குமாஸ்தா ஒருவர் இருந்தார். சிறு வயதுக் காய்ச்சலில் ஒரு கால் சூம்பிப் போனவர். வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டு வந்திருந்தார். கட்டுப் போட்ட கையோடு காலையில் உட்கார்ந்து மூச்சை இழுத்து விடுவார், காலை மெல்லத் தூக்குவார்.

"இது சாமி சமாச்சாரமா, ஐயரே?" என்று நீ கேட்டாய்.

"எனக்கு இது கால் சமாச்சாரம்ப்பா. இது இல்லேன்னா எழுந்து நிக்கவே வராது."

அவரைப் பார்த்துத்தான் யோகாசனம் கற்றுக்கொண்டாய்.

வீட்டுக்கு வந்தபின் ஒவ்வொரு காலையும் பயத்தோடுதான் தொடங்கியது. பாயில் படுத்ததும் "கிள்ளு" என்பாய். உன் கால் விரலைக் கிள்ளுவேன். "தெரியுது" என்று நீ சொல்லும்வரை எனக்கு மூச்சு ஓடாது. பிறகு முழங்காலை மடக்குவாய். கடைசியில் குப்புறப் படுத்துத் தலையையும் மார்பையும் தூக்குவாய். குமாஸ்தா அதைப் புஜங்காசனம் என்றார். நீ பாம்பு என்றாய். உன் இடுப்பை அழுத்திப் பிடிப்பது என் வேலை. என் உள்ளங்கைகளுக்குக் கீழே உன் உடம்பு நடுங்கும். அம்மா ஜெபமாலையோடு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். வேறு சாமியைக் கும்பிடுகிறோம் என்று யாராவது பாதிரியாரிடம் சொல்லிவிடுவார்களோ என்பது அவள் பயம். ஆனாலும் சில மாதங்களில் நீ சுவரில் சாயாமல் உட்கார்ந்தாய்.

அப்புறம் ஒருநாள், பாம்பு தலை தூக்கியபோது, உன் முதுகுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. நீ அப்படியே முகம் பாயில் பட விழுந்தாய்.

"கிள்ளு."

நகம் பதியக் கிள்ளினேன். நீ கேட்டாய்: "கிள்ளிட்டியா?"

அம்மா ஓடிவந்து தலையில் அடித்துக்கொண்டாள். "வோணாம்னு சொன்னனே நைனா! கேட்டியா நீ?"

மாலைக்குள், எறும்பு ஊருவதுபோல் கட்டைவிரலில் உணர்ச்சி திரும்பியது. ஆனால் நீ பாயை விரிக்கச் சொல்லவில்லை. படுத்தே கிடந்தாய். கால்கள் மெலிந்தன. முதுகில் படுக்கைப்புண் வந்தது. அதைக் கழுவிய அன்றுதான், "அந்தக் குமாஸ்தாவாண்ட போய்க் கேளு, அது இன்னா சத்தம்னு" என்றாய்.

மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர் வீடு. நொண்டிக்கொண்டே வாசலுக்கு வந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் வெளிறியது.

"எனக்குத் தெரியலேம்மா. நான் வைத்தியன் இல்லே. நானே தினம் பயந்துண்டுதான் பண்றேன். மூச்சு தடுமாறினா அங்கேயே நிறுத்திடுவேன். அதுக்கு மேலே போனா வீம்பு."

தைரியம் வாங்கப் போனவள் அவருடைய பயத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு வந்தேன். ஒரு சொல் விடாமல் உன்னிடம் சொன்னேன். நீ சிரித்தாய், அண்ணா.

"அவருக்கும் பயமா இருக்குதா? அப்ப சரி. பாய விரி."

அன்று மூச்சு மட்டும்தான். பிறகு முழங்கால். ஒரு மழைக்காலம் முழுவதும் கழிந்த பிறகே பாம்பு மறுபடி தலை தூக்கியது, அதுவும் ஒரு சாண். எனக்குப் பயம் போகவே இல்லை. உனக்கும்தான். "பயம் போவட்டும்னு காத்துக்கினு இருந்தா நான் இப்டியே கெடந்து பூடுவேன். அது பாட்டுக்கு இருக்கட்டும், நீ இடுப்பப் புடி" என்பாய்.

பழைய கால்கள் வரவில்லை. கடலுக்கும் நீ போகவில்லை. ஆனால் மாதா கோயில் திருநாளில் இரண்டு கோல்களை ஊன்றிப் பூசை முடியும்வரை நின்றாய். அம்மா பீடத்தைப் பார்க்கவே இல்லை. உன்னைத்தான் பார்த்து அழுதாள். அதற்குப் பிறகு பல வருஷம், குப்பத்து வலைகளுக்கெல்லாம் உன் கைதான் கண்ணி போட்டது.

நுரையீரல் காய்ச்சலில் நீ திணறியபோது நான் அழுதேன். என் கையைப் பிடித்து, "மூச்ச வுடறதுதான் நம்ம வேல. உள்ள இஸ்கறது தானா வரும்" என்றாய். கடைசி நாள் நீ மூச்சை விட்டாய். நான் காத்திருந்தேன். அடுத்த மூச்சு வரவில்லை.

இந்த வருஷம் என் முழங்கால்கள் வீங்கத் தொடங்கியிருக்கின்றன. இது குணமாகாது, கூடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் டாக்டர். ஒருநாள் பள்ளிப் படிகளை என்னால் ஏற முடியாமல் போகும் என்று பயப்படுகிறேன். தினமும் பாய் விரித்துக் கதவைச் சாத்திக்கொள்கிறேன். முடிந்தவரை மடக்குகிறேன். மூச்சை வெளியே விடுகிறேன். விட்ட மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே ஒரு கணம் இருக்கிறதே, அங்கே எனக்கு இன்னும் பயம்தான். அந்த இடத்தில் உன்னை நினைத்துக்கொண்டு காத்திருக்கிறேன், அண்ணா. பிறகு மூச்சு வருகிறது.

உன் தங்கை