டிவிடியில் வந்த உன் படம்

எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் யாரிடமாவது கெஞ்சி எனக்கு ஜன்னலோர சீட்டு வாங்கித் தந்த என் ராஜவேலு அண்ணனுக்கு,

உன் படம் டிவிடியில் வந்துவிட்டது. நீ போன பதினோராவது வருஷத்தில் வந்திருக்கிறது. கேட்டதும் அம்மாவிடம் ஓடியிருக்க வேண்டும் நான். ஆனால் வாங்கி வந்து பதினெட்டு நாள் அதைச் சாமி அலமாரியில், தேவாரப் புத்தகத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். காரணம் உனக்குத் தெரியும்.

முதலில் கடை நிலவரம் சொல்கிறேன், அதைக் கேட்காவிட்டால் உனக்குத் தூக்கம் வராது. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் இந்த வருஷம் பழைய படங்களாகக் கொட்டிக் கிடக்கிறது. ஐந்தாவதோடு நின்றவள், சினிமாவில் எழுத்துப் போடுவதைப் பார்த்துப் பார்த்தே வாசிக்கக் கற்றுக்கொண்டவள் நான். இப்போதும் படம் பார்த்தால் நோட்டில் எழுதாமல் விடுவதில்லை. பிரிண்ட் எப்படி, சத்தம் எப்படி, எத்தனை பாட்டு இருக்கிறது, எது காணோம் என்று ஒவ்வொன்றாகக் குறித்துவிடுவேன்.

போன மாதம் ஓர் அம்மன் படம் வாங்கினேன். கலர் என்னவோ புதுப் புடவை மாதிரிதான் இருக்கிறது. ஆனால் புது டிவிக்கு ஏற்றபடி அகலமாக்குகிறோம் என்று மேலேயும் கீழேயும் வெட்டிவிட்டார்கள். அம்மனுக்குக் கிரீடமும் இல்லை, பாதமும் இல்லை. பாதம் தெரியாத சாமியை நான் எங்கே கும்பிடுவது? இன்னொரு படத்தில் பழைய பாட்டுக்குப் பின்னால் புதிதாக டிரம்ஸ் சேர்த்திருக்கிறார்கள். ஸ்டீரியோவாம். கோயில் மணிக்குப் பக்கத்தில் யாரோ தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது. கருப்பு வெள்ளைப் படம் ஒன்றை மட்டும் யாரோ புண்ணியவான் கை வைக்காமல் அப்படியே போட்டிருந்தார். அதற்கு நோட்டில் ஒரு நட்சத்திரம் கொடுத்தேன்.

இதில் ரொம்ப மோசம் மூன்று படத்தை ஒரே டிவிடியில் அடைத்து விற்பதுதான். இடம் பற்றாதென்று பாட்டை வெட்டுவார்கள், காமெடியை வெட்டுவார்கள். சின்ன நடிகர்கள் வருகிற காட்சிதான் முதலில் போகும். உன் படம் அப்படித்தான் வந்திருந்தது. அட்டையில் மூன்று ஹீரோக்கள் முறைத்துக்கொண்டு நின்றார்கள், நடுவில் உன் படத்தின் பெயர். அதை எடுத்துக் கடைக்காரரிடம் நீட்டினேன்.

வெட்டியிருப்பார்களோ என்று பயந்தேன். அண்ணா, அதைவிட, வெட்டாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்றுதான் பயந்தேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகவும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தொண்ணூற்று மூன்றில் நீ மெட்ராசில் ஒரே ஒரு படத்தில் நடித்தாய். ரேஷன் கடை குமாஸ்தா வேஷம். "சர்க்கரை நாளைக்குத்தான் வரும்" என்று ஒரு வசனம். வீட்டுக்கு வந்து, நானே பேசியிருக்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னாய். திண்டிவனம் தியேட்டரில் படம் ஒரு வாரம்தான் ஓடியது. அப்பா போன வருஷம் அது. வருஷத் திவசம் முடிகிறவரை அம்மா வாசற்படி தாண்டவில்லை. நீயும் நானும் மட்டும் போனோம், என் இடுப்பில் கைக்குழந்தை.

உன் முகம் வந்தது. நான் விசிலடிக்காத குறைதான். பிறகு நீ வாயைத் திறந்தாய். வந்தது உன் குரல் இல்லை. கனமாக, சுத்தமாக, ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி எவனோ ஒருவன் பேசினான்.

எனக்கு வந்த கோபத்தை நீ மறந்திருக்க மாட்டாய். தாலி இழந்து மூலையில் உட்கார்ந்திருக்கிறவளிடம் போய்ப் பொய் சொன்னாயே என்று இருட்டிலேயே சண்டை போட்டேன். "பேசியிருக்கேன்டி, இரு, முழுசா பாரு" என்று நீ சொன்னாய். நான் இருக்கவில்லை. இடைவேளையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன், நீயும் பின்னாலேயே வந்தாய். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து உன் பக்கம் திரும்பாமலே ஊர் வந்து சேர்ந்தேன். அதற்குப் பிறகு எட்டு வருஷம் உயிரோடு இருந்தாய். அந்தப் பேச்சை நீ எடுக்கவே இல்லை. எடுக்க நான் விட்டேனா?

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோன பிறகுதான் எங்களுக்கு ஒன்று உறைத்தது. உன் குரல் எங்கேயும் இல்லை. என் கல்யாண கேசட்டில் பந்தி முழுக்க நீதான் ஓடுகிறாய், வாய் ஓயாமல் பேசுகிறாய். ஸ்டூடியோக்காரர் அதன் மேல் முதலிலிருந்து கடைசிவரை சினிமாப் பாட்டு போட்டுவிட்டார். அம்மாவுக்குக் கண் இருந்தவரை அதைப் பார்த்தார்கள். கண்ணில் அழுத்தம் ஏறிப் பார்வை போனதும் அந்த கேசட்டால் அவர்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லாமல் போனது. என்னோடு விழுப்புரத்துக்கு வந்த நாளிலிருந்து ஒரே கேள்வி: "அவன் பேசின படம் கடைக்கி வந்துச்சாடி?"

வந்துவிட்டது என்று கடைக்காரரே அம்மாவிடம் சொல்லிவிட்டார். கோயிலுக்குப் போகிற வழியில், பெரியம்மா உங்க பையன் படத்த அக்கா வாங்கிக்கினு போனாங்களே, பாத்தீங்களா என்று கேட்டார். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தார்கள். வீடு திரும்பியதும், மறுநாள் பிரதோஷம், திருவாமாத்தூர் போகணும் என்றார்கள்.

அபிராமேஸ்வரரைக் கும்பிட்டு முடித்ததும் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து, வட்டப்பாறைக்குக் கூட்டிப் போ என்றார்கள். அந்தப் பாறையில் கை வைத்துப் பொய் சொன்னால் குடும்பம் விளங்காது என்பது நம் பக்கத்து நம்பிக்கை. பாகத் தகராறு, கொடுக்கல் வாங்கல் எல்லாம் அங்கே வந்து தீரும்.

"பாறையில கை வச்சி சொல்லு தனம். அந்தப் படத்துல எம்புள்ள பேசறானா, இல்லயா?"

நான் கையை உதறிக்கொண்டேன். பேசுகிறான் என்றால் என் பிள்ளைகளுக்கு ஆகாது. இல்லை என்றால் அம்மாவுக்கு மிச்சமிருப்பதும் போய்விடும். பாறைக்கும் என் விரலுக்கும் ஒரு சாண்தான் இருந்தது, நான் வைக்கவில்லை. அம்மா மெதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டார்கள்.

"செரி. வூட்டுக்குப் போயி போடு. நானே கேட்டுக்கறேன்."

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் போட்டேன். பன்னிரண்டுக்குக் கரண்ட் போய்விடும், இங்கே இப்போது தினமும் அப்படித்தான். அம்மா டிவிக்கு எதிரே தரையில், காதை முன்னால் நீட்டி உட்கார்ந்தார்கள். முதல் படம்தான் ஓட ஆரம்பித்தது. நடுப் படத்துக்குத் தாண்டிப் போவதற்குள் இரண்டு தடவை நின்று, படம் கட்டம் கட்டமாக உடைந்தது. எடுத்துத் துடைத்துப் போட்டேன். பத்து மணி ஆகிவிட்டது.

ரேஷன் கடை வந்தது. வெட்டவில்லை. உன் முகம் அண்ணா, அந்த ஒட்ட வைத்த மீசையோடு. பேசியதோ அந்த ரேடியோக் குரல்.

அம்மா காதை இன்னும் முன்னால் நீட்டினார்கள். அடுத்த காட்சி பாதி ஓடின பிறகுதான் கேட்டார்கள்.

"சக்கரைன்னு சொன்னானே, அதுவா?"

"ஆமாம்மா. மூஞ்சி அண்ணனுது. கொரலு வேற ஆளு."

"அது உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

அழுவார்கள் என்று நினைத்தேன். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். எனக்கு எழுந்து போய் டிவியை நிறுத்தத் தெம்பில்லை. அப்படியே விட்டுவிட்டேன். பாட்டு வந்தது, சண்டை வந்தது. இடைவேளை என்று எழுத்துப் போட்டார்கள். அதற்கு மேல் நான் பார்த்ததே இல்லை. கடிகாரத்தில் பதினொன்றேகால்.

பன்னிரண்டு ஆகப் பத்து நிமிஷம் இருக்கும்போது தேர்த் திருவிழா வந்தது. கதாநாயகியைக் கும்பலில் தேடுகிற காட்சி. மேலேயிருந்து எடுத்திருக்கிறார்கள், தலைகளாகத் தெரிகிறதே தவிர ஒரு முகம் தெரியாது. மேளச் சத்தம், கூச்சல். நான் சமையலுக்கு எழுந்தேன்.

அம்மா தரையை ஓங்கி அறைந்தார்கள்.

"ராசு! அது ராசுடி! திருப்பிப் போடு!"

 ஏமாற்றத்தில் அம்மாவுக்குப் புத்தி ஏதோ ஆகிவிட்டது என்று பயந்தேன். ரிமோட்டைத் தேடி எடுத்துப் பின்னால் ஓட்டினேன், ரொம்பத் தூரம் போய்விட்டது. மறுபடி முன்னால் ஓட்டினேன். கடிகாரத்தைப் பார்ப்பதா, படத்தைப் பார்ப்பதா? "கண்ண மூடிக்கினு கேளு" என்று அம்மா அதட்டினார்கள். மூடிக்கொண்டேன்.

மேளத்துக்கு அடியில், கூச்சலுக்கு நடுவில், நீ.

"ஏ, இன்னாப்பா இப்பிடித் தள்ளிக்கினு நிக்கிறீங்க? கொழந்தய வச்சிக்கினு அந்தம்மா நிக்கிறாங்க பாரு, வழி வுடுங்கப்பா!"

பத்துப் பன்னிரண்டு வார்த்தை இருக்கும், அது நீதான். பஸ்ஸில் எனக்காக இடம் கேட்கிற அதே இழுப்பு. மூன்று தடவை கேட்டோம். நாலாவது தடவை "ஏ, இன்னாப்பா" என்றதோடு கரண்ட் போய்விட்டது.

இருட்டான டிவிக்கு முன்னால் ரெண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். எனக்கு அப்போதுதான் புரிந்தது. குரல் சேர்க்கிற இடத்தில் உன் பேச்சு குமாஸ்தாவுக்குச் சரிப்படாது என்று தள்ளியிருப்பார்கள். கும்பலில் கத்துவதற்கு மட்டும் இது போதும் என்று நிற்க வைத்திருப்பார்கள். நீ அதைத்தான் "பேசியிருக்கேன்" என்று சொன்னாய். முழுசாகப் பார் என்றுதான் சொன்னாய். நான் பாதியில் எழுந்து வந்து, உன்னைப் பொய்யன் என்று பத்தொன்பது வருஷம் வைத்திருந்தேன். பஸ்ஸில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொன்னால் நான் நம்பியிருப்பேனா?

என்னை மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை. மன்னிக்கிற இடத்தில் நீ இல்லையே.

அன்று சாயங்காலம் கரண்ட் வந்ததும் அம்மா மறுபடி போடச் சொன்னார்கள். உன் குரலை ஆசை தீரக் கேட்டார்கள். பிறகு ரேஷன் கடையைப் போடு என்றார்கள். எதற்கு என்று கேட்டேன்.

"அந்தப் புள்ளயும் நல்லாத்தான் பேசறான். அவன் யாரு பெத்ததோ. அவன் மூஞ்சி இல்லாத படத்துல அவன் கொரலு இருக்குதுன்னு அவங்கம்மாவுக்கு யாராவது சொல்லியிருப்பாங்களா?"

எழுத்துப் போடுகிற இடத்தை நிறுத்தி நிறுத்தி வாசித்துப் பார்த்துவிட்டேன் அண்ணா. குரல் கொடுத்தவர்கள் என்று ஒரு பெயரும் இல்லை. ஆனாலும் தேடுவேன். இனி எந்தப் படத்தையும் பாதியில் விட மாட்டேன். முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு உட்காரவும் மாட்டேன். உனக்காக ரேஷன் கடையில் பேசிய அந்த மனிதர் இருந்தால், அவர் வீட்டு வாசலில் போய் நின்று, எங்கள் அம்மா உங்களைக் கேட்டார்கள் என்று சொல்லிவிட்டு வருவேன்.

உன்னிடம் கோபித்துக்கொண்டு எழுந்து வந்த, இப்போது கடைசிவரை உட்காரக் கற்றுக்கொண்ட
உன் தங்கச்சி
தனலட்சுமி
விழுப்புரம்