பூட்டை இழுத்துப் பார்ப்பவருக்கு

என்னங்க,

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நீங்கள் கோபித்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனதிலிருந்து, நானும் உங்களைப் போலவே பூட்டை இழுத்து இழுத்துப் பார்க்கிறேன். இதைச் சொந்தக்காரர்கள் முன்னால் கிண்டல் செய்துதானே உங்களை விரட்டினேன்.

எங்கள் சலவைக்கூடத்துக்கு ஒரு ஆராய்ச்சிப் பெண் வந்தாள். யாருக்கு என்ன குணம், யார் மனநிறைவாக இருக்கிறார்கள் என்று எல்லோரையும் கேட்டாள். கலகலப்பானவர்கள் பெரும்பாலும் சந்தோஷமாக இருப்பார்களாம். ஓயாமல் கவலைப்படுகிறவர்களுக்கு அது குறைவாம்.

"அப்ப என் வீட்டுக்காரர் கதை கந்தல்தானா?" என்றேன்.

"அப்படி அடிச்சுச் சொல்ல முடியாதுக்கா. குணம் கொஞ்சம் கொஞ்சமா மாறவும் செய்யும்."

"மாற வேணாம்மா. கேஸை மூடினோமா, கதவைப் பூட்டினோமான்னு அவர் கவலைப்படுறதாலதான் நான் பல்லைக் காட்டிக்கிட்டுத் திரியுறேன். அதை யார் கணக்குல எழுதுவ?"

அவள் பேனாவை மூடிவிட்டுச் சிரித்தாள்.

இனிக் கிண்டலே செய்ய மாட்டேன் என்று சத்தியம் செய்ய முடியாது. நாலு பேர் முன்னால் செய்ய மாட்டேன். வந்துவிடுங்கள். உங்களிடம் இருக்கும் சாவியையும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.

இதை மாடிப்படியில் உட்கார்ந்து எழுதி, பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். இன்று பூட்டை அமுக்கிப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன். நன்றாகப் பூட்டியிருக்கிறது. என் சாவி உள்ளே இருக்கிறது.

உங்கள் வாயாடி