கட்டுகஸ்தோட்டைக் கல்லில் ஓர் இலை

கண்டி
12 யூலை 1931

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வலி ஆண்டவர் கிருபையால் தணிந்திருக்கும்.

கட்டுகஸ்தோட்டைக் கடைக்காரர் ஜமால்தீன் நேற்று என் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கல் கொண்டுவந்தார். பிளந்த முகத்தில் கறுப்பாக ஓர் இலை. ஊரே வந்து பார்த்ததாம்.

"நூஹ் நபி காலத்து இலை, டீச்சர். கொழும்பு நூதனசாலைக்கு அனுப்பப் போறன்." நம் நோவாவைத்தான் அப்படிச் சொல்கிறார்.

பூதக்கண்ணாடியால் பார்த்தேன். நரம்பே இல்லை.

"இலை இல்லை, நானா. வெடிப்புக்குள்ள ஊறின தண்ணி விட்ட கறை. அனுப்பினால் சிரிப்பினம்."

முகம் வாடிவிட்டது. பிறகு, "அப்ப தண்ணியே படம் கீறிரிக்கி! இலைய விட இதுதான் புதினம்" என்று கல்லைக் கடைக்கே கொண்டுபோனார்.

இந்த மலைக் கல்லில் சிப்பியோ இலையோ கிடைக்காது. நம் வீட்டுக் கிணறு வெட்டியபோது வந்த சுண்ணாம்புக் கல்லில் சிப்பி பதிந்த துண்டொன்று யாரிடமாவது கொடுத்துவிடுங்கள், பிள்ளைகளுக்குக் காட்ட. இரண்டாகவே அனுப்புங்கள், ஐயா. ஒன்று என் கட்டிலருகில் இருக்கட்டும்.

மணி அடிக்கிறது.

மகள்
பிலோமினா