செங்காவி அடுக்கு

8 ஜூன் 2024, சனி

கார் கழுவும் நாள். வானம் இருட்டிக்கொண்டுதான் இருந்தது, ஆனாலும் கழுவினேன். மழை கழுவிக்கொள்ளட்டும் என்று விடுகிறவர்களின் வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் அடுக்களையும் அப்படித்தான் இருக்கும். என் கணவர் மைக்கேலின் பழைய நீலச் சட்டை ஒன்றைக் கிழித்துத் துடைக்க வைத்திருக்கிறேன். அந்தக் காலத்துப் பருத்தி, நூல் விடாது. பிறகு மெழுகு. பிறகு முழங்காலுக்குத் தைலம்.

கோலாலம்பூரிலிருந்து மகள் ரீத்தா போன் செய்தாள். வழக்கமான பாட்டு. "எழுபத்தாறு வயசுல எதுக்கும்மா கார்? கிராப் டாக்சி எடு லா." எனக்குக் கண் தெரிகிறது, காது கேட்கிறது என்றேன். மைக்கேல் போனபிறகு என் சொல்லுக்குக் கட்டுப்படுவது அந்தச் சாகா கார் ஒன்றுதான். அதையும் விற்றுவிட வேண்டுமாம்.

ரீத்தாவுக்குத் தமிழ் படிக்க வராது. அவளைத் தமிழ் வகுப்புக்கு அனுப்பாதது என் முடிவு. இதை எழுதும்போது மட்டும் அது வசதியாக இருக்கிறது.

10 ஜூன், திங்கள்

வீட்டு வாசலில் போலீஸ். என் வாழ்நாளில் முதல்முறை.

வந்தவள் ஷாஹிரா என்ற இன்ஸ்பெக்டர். தமிழ் முஸ்லிம் பெண், மரியாதை தெரிந்தவள், செருப்பை வெளியே கழற்றினாள். போன வியாழன் விடியுமுன் ஜெலுத்தோங் பாசார் சந்தைப் பக்கத்தில் ராமசாமி என்ற காவலாளி வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பியிருக்கிறார். பின்னாலிருந்து ஒரு கார் தட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டது. இடுப்பெலும்பு முறிவு. தேநீர்க் கடை சீனி முகம்மது கடை திறக்கும்போது பார்த்தாராம்: வெளிர் நீலம், பழைய சாகா.

"பினாங்குல இந்தக் கலர்ல எத்தனையோ சாகா இருக்கு, ஆண்ட்டி. ஒவ்வொண்ணாப் பாக்குறோம். நீங்க அன்னிக்கி அந்தப் பக்கம் போனீங்களா?"

போனேன். தினமும் மாதா கோவில் காலைப் பூசைக்கு அந்த வழியாகத்தான் போகிறேன். மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் நான் யாரையும் இடிக்கவில்லை. இடித்தால் நிற்கத் தெரியாதவளா நான்?

காரைச் சுற்றிப் பார்த்தாள். "பளபளன்னு இருக்கே. எப்பக் கழுவினீங்க?"

சனிக்கிழமை என்றேன். அவள் எழுதிக்கொண்டாள். அந்தப் பேனா அசைந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. முப்பது வருடமாகச் சனிக்கிழமை கழுவுகிறேன், அம்மா, என்று சொல்ல நினைத்தேன். சொன்னால் சாக்குப்போல் இருக்கும்.

11 ஜூன், செவ்வாய்

தடய ஆய்வுக்காரர் வந்தார். சாதிக் என்று பெயர், ரீத்தாவைவிடச் சின்னவர். கையுறை, சின்னக் கத்தி, கண்ணாடித்தாள் போன்ற பசைநாடா. நாடாவை முன்பக்கமெல்லாம் ஒற்றி எடுத்து ஒட்டிவைத்துக்கொண்டார். கண்ணுக்குத் தெரியாத நூலிழைகூட அதில் வந்துவிடுமாம். நம்பர் பலகைக்குப் பின்னாலிருந்து நீல இழைகள் கிடைத்தன. ராமசாமியின் சீருடைக் கால்சட்டையும் நீலமாம். உடனே துடைக்கும் துணியைக் கொண்டுவந்து நீட்டினேன். மைக்கேலின் சட்டை என்று சொன்னேன். அதில் ஒரு துண்டை வாங்கிக்கொண்டார்.

சாயமும் வேண்டுமாம். சைக்கிளின் பின்சக்கரக் காப்பில் ஒரு சாயச் சில்லு ஒட்டியிருந்ததாம், நகக்கண் அளவு. அதைப் பிசினில் பதித்து, குறுக்கே அறுத்து, மெருகேற்றி நுண்ணோக்கியில் பக்கவாட்டில் பார்ப்பார்களாம்.

"குவே லாப்பிஸ் பலகாரம் மாதிரி, ஆண்ட்டி. அடுக்கடுக்காத் தெரியும். எந்தக் கலருக்கு மேல எந்தக் கலரு, எவ்ளோ தடிப்பு, எல்லாம். ரெண்டு கார் வெளியில ஒரே கலரா இருக்கும், உள்ள வேற வேறயா இருக்கும். உங்க கார்ல எங்கயாச்சும் அடிபட்டிருக்கா?"

வலது முனையில் கோவில் கார் நிறுத்துமிடத் தூணில் உரசிய கீறலைக் காட்டினேன். இது ஒன்றுதான், வேறெங்கும் கிடையாது என்றேன். பிள்ளை டார்ச் விளக்கோடு இடது பக்கம் தரையில் படுக்கப் பார்த்தார். "எழுந்திரு தம்பி, வெள்ளைச் சட்டை அழுக்காகும். என் காரைப் பற்றி எனக்குத் தெரியாதா?" "சரி, ஆண்ட்டி" என்று எழுந்துவிட்டார். வலது முனையில் இரும்பு தெரியும்வரை சுரண்டி, காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டார். பெரியவர்கள் சொன்னால் கேட்கிற பிள்ளை. வீட்டில் வளர்த்த விதம் தெரிகிறது.

முடிவு வரும்வரை காரை எடுக்கக் கூடாதாம்.

23 ஜூன், ஞாயிறு

பூசைக்குக் கிராப்பில் போனேன். ஏன் கார் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததிலிருந்து எல்லாருக்கும் தெரியும் என்று தெரிந்தது.

3 ஜூலை, புதன்

ஷாஹிரா போன் செய்தாள். பொருந்தவில்லை!

நீல இழைகள் மைக்கேலின் சட்டைதான். நுண்ணோக்கியில் பருத்தி முறுக்கிய நாடாபோல் தெரிகிறதாம். ராமசாமியின் கால்சட்டை கலப்புத் துணி, அதிலிருக்கும் செயற்கை இழை கண்ணாடிக் கம்பிபோல் வழவழவென்று இருக்குமாம். என் பலகைக்குப் பின்னால் கம்பி எதுவும் இல்லை. சாயமும் வேறு. காரை எடுக்கலாம். ரீத்தாவிடம் சொன்னேன். அவள் "தேங்க் காட்" என்றாள். நான் "மன்னிப்புக் கேள்" என்றேன். சிரித்தாள்.

பங்குச் சாமியாரிடமும் சொல்லிவிட்டேன். அவரிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி.

மாலை. மறுபடி எழுதுகிறேன்.

ஷாஹிரா இன்னொன்றும் சொன்னாள். மதியம் அது என் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. "அந்தச் சில்லுல ஒரு அடுக்கு ஜாஸ்தியா இருக்கு ஆண்ட்டி. நீலத்துக்குக் கீழ செங்காவி, ரொம்பத் தடிப்பா. கார்ல போடற சாயமே இல்லயாம், கப்பல் அடிப்பக்கத்துக்கு அடிக்கிறதாம். உங்க கார்ல அது இல்ல. இப்ப ஹார்பர் பக்கம் ஆளுங்களத்தான் தேடறோம்."

மைக்கேல் படகுப் பட்டறையில் மேஸ்திரி. எது துருப்பிடித்தாலும் மீந்த செங்காவியைக் கொண்டுவந்து பூசுவார். எங்கள் கேட், தண்ணீர்த் தொட்டி, கோழிக்கூண்டு. சாகாவின் இடது மட்கார்டு அடி விளிம்பில் துரு வந்தபோது? பூசினாரா? மேலே நீலம் அடித்தாரே. நான்தானே திட்டினேன், இது காரா தோணியா என்று.

இல்லை. அது வேறு ஏதோ.

4 ஜூலை, வியாழன்

விடிந்ததும் போய்ப் பார்த்தேன். குனிய முடியவில்லை. கைக்கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்த்தேன். இடது விளிம்பின் அடியில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கிறது. ஓரத்தில் செங்காவி. உடைந்த இடம் புதுசு, அழுக்கே ஏறவில்லை.

நான் வாராவாரம் துடைக்கிற கார். குனிந்தால்தான் தெரியும் இடம். குனிய முடியாததால் கொஞ்ச நாளாக அங்கே துடைக்கவே இல்லை.

அன்றைக்கு மழை. ஜெபமாலைக் கேசட்டைச் சத்தமாக வைத்திருந்தேன். பாசாரைத் தாண்டும்போது கார் ஒரு தூக்குத் தூக்கியது. அங்கே எப்போதும் ஆடுகிற சாக்கடை மூடி என்று நினைத்தேன். நினைத்தேனா? கண்ணாடியில் திரும்பிப் பார்த்தேனா? பார்க்கலயே. ஐயோ மாதாவே, ஒரு மனுசன் கீழ கெடந்தத நான் பாக்கலயே.

5 ஜூலை

எழுத ஒன்றுமில்லை.

7 ஜூலை, ஞாயிறு

பூசை முடிந்து ராமசாமி இருக்கும் ஜெலுத்தோங் அடுக்குமாடிக்குப் போனேன். ஏன் போனேன்? ஆள் நன்றாக இருக்கிறார் என்று பார்த்துவிட்டால் பேசாமல் இருந்துவிடலாம் என்றா? அப்படித்தான் இருக்கும்.

நன்றாக இல்லை. கூடத்திலேயே கட்டில் போட்டுக் கிடக்கிறார். இன்னொரு அறுவை பாக்கி. நான் யாரென்று சொன்னதும் அவர் மனைவி நல்லம்மாள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க இல்லன்னு அந்த இன்ஸ்பெக்டர் பொண்ணு சொல்லுச்சி. வயசானவங்க, பூசைக்குப் போறவங்க, ஒங்களப் போயி சந்தேகப்பட்டு… மனசுல வெச்சிக்காதீங்க, ஆண்ட்டி."

என்னிடம் அவள் மன்னிப்புக் கேட்டாள்.

கார் யாருடையது என்று தெரியாததால் இன்சூரன்ஸ் வேலை நகரவே இல்லையாம். "இடிச்சவன் நல்லா இருக்கட்டும். ஆனா வந்து நின்னு, நாந்தான்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?" என்றாள். ஆரஞ்சுப் பையை மேசையில் வைத்தேன். லிஃப்ட் வரும்வரை அவள் என்னோடு நின்றாள். வந்ததும் ஏறிவிட்டேன்.

8 ஜூலை, திங்கள்

முதலில் ரீத்தாவுக்குப் போன். "மம்மி, அவங்களே இல்லன்னு சொல்லிட்டாங்க. லேப் ரிப்போர்ட் இருக்கு. நீ எதுக்குப் போய் மாட்டிக்கிற?"

"அவர்கள் தப்பான இடத்தில் எடுத்தார்கள். நான்தான் அங்கே எடுக்க வைத்தேன்."

"யாருக்குத் தெரியும்?"

எனக்கு என்றேன். பிறகு, "டாடி இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாரு?" என்றாள். அவர் செங்காவி பூசாமலே இருந்திருக்கலாம் என்று சொல்லியிருப்பார் என்றேன். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை.

பிறகு ஷாஹிரா. ஒத்திகை பார்த்து வைத்த வாக்கியங்கள் எல்லாம் போய்விட்டன. "இடது பக்கம், கீழே. ஆள் அனுப்பும்மா" என்று மட்டும் சொன்னேன்.

சாதிக் மாலையில் வந்தார். பாய் விரித்துக் கொடுத்தேன். படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். நெடுநேரம் எழவில்லை. எழுந்தபோது முகம் சிவந்திருந்தது. "அன்னிக்கே நான் பாத்திருக்கணும், ஆண்ட்டி. எப்பவும் முழுசாச் சுத்திப் பாப்பேன்." நான்தான் தடுத்தேன் என்றேன். "தடுத்தாலும் பாத்திருக்கணும்" என்றார். அதற்குமேல் அவரைச் சமாதானப்படுத்த நான் யார்?

காரை இழுத்துக்கொண்டு போனார்கள்.

24 ஜூலை, புதன்

போலீஸ் நிலையத்தில் வாக்குமூலம். முடிந்தபிறகு ஷாஹிரா ஒரு படத்தை என் பக்கம் திருப்பி வைத்தாள். இடதுபுறம் சைக்கிளில் கிடைத்த சில்லு. வலதுபுறம் என் காரிலிருந்து எடுத்தது. பலநூறு மடங்கு பெரிதாக்கியது.

மேலே மெழுகு, மெல்லிய கோடு. அது என் பழைய சனிக்கிழமைகள். அடுத்தது நீலம். அதற்குக் கீழே செங்காவி, ஒன்றல்ல, இரண்டு பூச்சு. மைக்கேல் எதற்கும் இரண்டு பூச்சுதான். முதல் பூச்சு முதலாளிக்கு, இரண்டாவது கடலுக்கு என்பார். அதற்கும் கீழே தொழிற்சாலைச் சாயம். இரண்டு படத்திலும் வரிசையும் தடிப்பும் ஒன்று. நடுவிலே இருக்கும் கோட்டை அழித்தால் ஒரே படம்.

வலதுபுறப் படத்தில் செங்காவிக்குள் கறுப்பாய் ஒரு வட்டம் இருந்தது. இது என்ன என்று கேட்டேன். தூரிகை மயிராம், குறுக்கே வெட்டுப்பட்டிருக்கிறது. மைக்கேலின் தூரிகை எப்போதும் மயிர் உதிர்க்கும். புதுசு வாங்குங்கள் என்று எத்தனை தடவை சொன்னேன்.

ஷாஹிரா தண்ணீர் கொண்டுவரப் போனாள். போய் நேரம் கழித்துத்தான் வந்தாள். நல்ல பெண்.

26 ஜூலை

புனித அன்னம்மாள் திருவிழா. புக்கிட் மெர்தாஜாம் கோவிலுக்கு இந்த வருடம் போகவில்லை.

19 ஆகஸ்ட், திங்கள்

நீதிமன்றம். குற்றத்தை ஒப்புக்கொண்டேன். மாஜிஸ்திரேட் என் வயதைக் குறிப்பிட்டு நாற்காலி போடச் சொன்னார், நின்றே கேட்டேன். அபராதம், ஓட்டுநர் உரிமம் ரத்து. உரிமத்தை நானே முன்னதாகக் கொடுத்திருந்தேன். இன்சூரன்ஸ் இனி நகரும் என்று ஷாஹிரா சொன்னாள்.

வெளியே நல்லம்மாள். நேரே என்னிடம் வந்தாள். "அன்னிக்கி ஆரஞ்சு குடுத்தப்ப ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"அப்ப நான் மன்னிப்புக் கேட்டேனே. கையப் புடிச்சிக் கேட்டேனே. கேட்டுக்கிட்டு நின்னீங்க."

கூட வந்திருந்த ரீத்தா என் தோளைத் தொட்டு அழைத்துப் போனாள்.

5 செப்டம்பர், வியாழன்

ஜெலுத்தோங் போனேன். உள்ளே டிவி சத்தம். இரும்புக் கதவு திறக்கவில்லை. கஞ்சித் தூக்கைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன்.

12 செப்டம்பர், வியாழன்

அதே. போன வாரத் தூக்கு கழுவி வெளியே வைத்திருந்தது.

16 அக்டோபர், புதன்

நல்லம்மாள் போன் செய்தாள். வணக்கம் இல்லை, ஆண்ட்டி இல்லை.

"தீபாவளிக்கித் துணி எடுக்கணும். அவரு தனியா இருப்பாரு. எந்திரிக்கக் கூடாது, ஆனா எந்திரிப்பாரு. வந்து ஒக்கார முடியுமா?"

பஸ்ஸில் போனேன். கதவைத் திறந்து, மாத்திரை எங்கே, பாத்திரம் எங்கே என்று காட்டிவிட்டு, முகத்தைப் பார்க்காமல் கிளம்பினாள்.

ராமசாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். அறுவை முடிந்து முகம் தெளிந்திருக்கிறது.

"எதுல வந்தீங்க?"

"பஸ்ஸில்."

"நீங்களா ஓட்டுனீங்க?"

என்னிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. கண்டிக்க வாயைத் திறந்தேன். சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார், உடனே இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினார். சிரித்தால் வலிக்கிறதாம்.

அப்படியானால் சிரிக்காதீர்கள் என்றேன். நல்லம்மாள் திரும்பி வரும்வரை ஒருவரையொருவர் பார்க்காமல், டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பார்த்தால் மறுபடி தொடங்கிவிடும்.